பிடியரிசி டப்பா

ஆரணியில் எங்கள் ஆயாவின் அடுப்படியில், மூடி நசுங்கிய பழைய பால்பவுடர் டப்பா ஒன்று உண்டு. உலை வைக்கும்போதெல்லாம், அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி அதற்குள் போகும். சேர்ந்த அரிசி மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போய், ஏலத்தில் காசாகி, ஊழியத்துக்குச் சேரும்.

இது தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் ஊறிய வழக்கம். மிசோரமிலும் 1910 முதல் பெண்கள் இப்படிப் பிடியரிசி எடுத்துவைக்கிறார்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய பின், அசரியா போன்ற மிஷனெரிகளைத் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் வரை தாங்கியது அந்தப் பகுதி எளிய குடும்பங்களின் காணிக்கைதான்.

இரட்டைப் பேரப்பிள்ளைகள் பிறந்த அன்று ஆயா மூன்று பிடி போட்டார். “எப்பவும் போடறது ஒண்ணு, குட்டிங்களுக்கு ரெண்டு. ஸ்தோத்திரம்” என்றார்.

இப்போதும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, சூளூர்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஜெபிக்கப் போகிறார். கிளம்பும் விடியலிலும் அந்தக் கை டப்பாவுக்குள் ஒருமுறை விரிகிறது. விரல் இடுக்கில் ஒட்டிய கடைசி அரிசியையும் தட்டிவிட்டுத்தான் பையை எடுக்கிறார். நன்றிக்கு இதைவிட அழகான உருவத்தை நான் கண்டதில்லை.