முடிவில்லாத நாடகமும் மாறிவரும் பகைவனும்

தெருக்கூத்துக்கு விடியல் உண்டு. நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் நடந்துவரும் ஒரு நாடகத்துக்கு முடிவே இல்லையென்றால், அதன் ஆசிரியர்கள் கதைக்கு எங்கே போவார்கள்? அமெரிக்காவின் 'ரா' என்னும் மல்யுத்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஆராயப் புகும் நமக்கு முதலில் எழும் வினா இதுவே.

மல்யுத்தக் காட்சிக்குத் திறனாய்வு எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கலாம். எழுத்தாளர் கதை வகுக்க, நடிகர் தம் உடலால் அதை நடத்த, அவையோர் ஆர்ப்பரிக்க நிகழ்வது நாடகமே. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறும்பொருட்டு, இது கேளிக்கையே என்று 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே அதை நாடகமாகவே வைத்து நாம் எடைபோடலாம்.

1993 ஜனவரி 11ஆம் நாள், நியூயார்க் நகரத்து மன்ஹாட்டன் சென்டர் அரங்கிலிருந்து யுஎஸ்ஏ நெட்வொர்க் வழியே 'ரா' முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. அப்போது அதன் அளவு ஒரு மணி நேரமே. 1995 செப்டம்பரில் அதே திங்கட்கிழமை இரவில் 'நைட்ரோ' என்னும் போட்டி நிகழ்ச்சி தோன்றி, பின்னர் 83 வாரங்கள் இடைவிடாது முந்தி நின்றது. 1999 ஜனவரி 4 இரவில் நிகழ்ந்தது ஒன்று நம் கவனத்துக்குரியது. 'ரா'வின் அன்றைய காட்சி முன்கூட்டியே பதிவானது. அதில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்பதை 'நைட்ரோ'வின் வருணனையாளர் ஏளனமாகப் போட்டு உடைத்தார். முடிவு தெரிந்தபின் எவரும் பாரார் என்பது கணக்கு. நேயர்களோ பெருந்தொகையாக 'ரா'வுக்குத் தாவினர்! வெற்றி யாருக்கு என்பதைவிட, தாம் நேசித்த ஒருவன் மேலேறுவதைக் காண்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. இந்த நாடகத்தின் வலிமை முழுவதும் இதில் அடங்கும். அதன் ஆபத்தும் இதிலேயே அடங்கும். அன்பை எழுப்பத் தெரிந்த கை வெறுப்பையும் எழுப்பவல்லது.

2001இல் போட்டியாளர் வீழ்ந்து விலைக்கு வாங்கப்பட்டார். 'ரா' 2000இல் டிஎன்என் அலைவரிசைக்குச் சென்று, 2005இல் பழைய இடத்துக்கே மீண்டது. 2012 ஜூலை முதல் மூன்று மணி நேரமாக நீண்டது. 2025 ஜனவரி 6 அன்று நெட்ஃபிளிக்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். இத்தனை நேரத்தையும் நிரப்பக் கதை வேண்டும். கதைக்குப் பகைவன் வேண்டும். அவனைச் செய்தித்தாளில் தேடுவது இந்நிறுவனத்தின் பழைய வழக்கம். 'ரா' பிறப்பதற்கு முன்பே, 1980களில் ஈரானியரான 'அயர்ன் ஷேக்' வில்லனாக நின்றார். 1991 வளைகுடாப் போரின்போது ஈராக்கை ஆதரிக்கும் துரோகி வேடம் ஒருவருக்கு அளிக்கப்பட்டது.

2004 டிசம்பரில் 'ரா' மேடையேறிய பாத்திரத்தின் பெயர் முகம்மது ஹசன். நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரையும் அன்னாரின் பேரர் பெயரையும் ஒருங்கே சுமந்த அவ்வேடத்தை ஏற்றவர், இத்தாலிய மரபில் வந்த அமெரிக்கரான மார்க் கோபானி. 2001 செப்டம்பருக்குப் பின் அரபு அமெரிக்கர்கள் ஐயக்கண்ணோடு நோக்கப்படுகின்றனர் என்பதே அப்பாத்திரத்தின் முறையீடு. அது உண்மை, நியாயம். ஆனால் அந்த நியாயத்தை ஆசிரியர்கள் வில்லன் வாயில் வைத்தனர். அரங்கம் கூச்சலிட்டு ஏசியபோது ஏசப்பட்டது வேடம் மட்டுந்தானா? முறையீடும் சேர்த்தே ஏசப்பட்டது. பொய்யான குத்துகளைவிட இது ஆழமாகப் பட்ட குத்து என்பது நம் கருத்து.

பின்னர் அப்பாத்திரம் 'ஸ்மாக்டவுன்' என்னும் உடன்பிறப்பு நிகழ்ச்சிக்கு மாற்றப்பட்டது. 2005 ஜூலை 4 அன்று பதிவான காட்சியில் ஹசன் மண்டியிட்டு இறைஞ்ச, முகமூடி அணிந்தோர் பாய்ந்து வந்து எதிராளியின் கழுத்தை நெரித்தனர். இறைஞ்சுதல் வன்முறைக்குச் சைகையாக்கப்பட்டது. அது ஒளிபரப்பான ஜூலை 7ஆம் நாளிலேயே லண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். கண்டனம் எழவே, யுபிஎன் அலைவரிசை அப்பாத்திரத்தை இனி ஏற்க மறுத்தது. அம்மாதமே அதன் கதை முடிக்கப்பட்டது. முடித்து வைத்தது ஒளிபரப்பாளரின் அச்சம். ஆசிரியர்களின் மனச்சான்று அங்கே பேசியதாக நமக்குத் தோன்றவில்லை.

இதற்குச் சான்று பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. சவூதி அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அதே நிறுவனம் 2018 ஏப்ரலில் ஜித்தாவில் மேடை அமைத்தது. அன்று ஈரானியக் கொடியேந்தி வந்து உள்ளூர் இளைஞர்களிடம் அடிபட்ட இருவருள் ஒருவர் ஷான் தைவாரி. முன்பு ஹசனின் துணைவனாக நடித்தவர் அவரே! அமெரிக்கப் பணத்துக்கு அரபியர் பகைவர். அரபுப் பணத்துக்கு ஈரானியர் பகைவர். கொள்கை மாறவில்லை, கூலி கொடுப்போர் மாறினர்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. சிரியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த முஸ்லிமான சாமி ஜெய்ன், 2022-23இல் நட்புக்கும் துரோகத்துக்கும் இடையே அலைக்கழியும் மனிதராக நடித்து உலகெங்கும் நேயர்களைக் கவர்ந்தார். அவருடைய மார்க்கத்தை மறைக்கவும் இல்லை, வில்லத்தனத்துக்கு விலையாக்கவும் இல்லை. கதை சிறந்தது, கூட்டமும் குறையவில்லை. அச்சத்தை விற்றால்தான் பிழைப்பு நடக்கும் என்ற வாதம் அதனால் பொய்த்தது.

இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் இக்காட்சி நெட்ஃபிளிக்ஸ் வழியே வருகிறது. நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். மற்போர் நமக்கு அந்நியமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ருகானா என்னும் மல்லரோடு பொருது வென்ற செய்தி ஹதீஸ் நூல்களில் காணப்படுகிறது. எனவே பெட்டியை மூடிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். அரங்கம் ஒருவனை ஏசும்போது, "இவன் செய்த தீங்கு என்ன? இவனை இப்படிப் படைத்தவர் யார்?" என்று கேளுங்கள். அடி பொய் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். பகையும் புனையப்பட்டதே என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.