கூரையில் எட்டு ஜன்னல்கள்

எனக்கு வலது காது சின்ன வயசிலிருந்தே மந்தம். எந்த அரங்கத்துக்குப் போனாலும் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சு காதில் விழும் என்றுதான் கண் முதலில் தேடும். கட்டடங்களின் தரைப்படத்தைப் பார்க்கும்போதும் அதே புத்திதான். இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஆக்டகன் சேப்பலின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, அட, இங்கே எங்கே உட்கார்ந்தாலும் தப்பில்லையே என்று தோன்றியது. நேரில் நான் போனதில்லை. படங்களையும், அங்கே போன இரண்டு பேர் எழுதிவைத்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

தாமஸ் ஐவரி கட்டி, 1756இல் முடித்தது. கட்டச் சொன்னவர்கள் பிரெஸ்பிடேரியன்கள். அரசின் திருச்சபைக்குள் அடங்காமல் தனியாகக் கூடியவர்கள். 1689இல் வந்த சகிப்புச் சட்டம்தான் இப்படிப்பட்டவர்கள் பயமில்லாமல் கூட வழிவிட்டது. பழைய தேவாலயம் நீளமானது. ஆளைக் கிழக்கே, ஆல்டரை நோக்கி நடத்திக்கொண்டு போகும். இவர்களுக்கோ வழிபாட்டின் மையம் பிரசங்கம். நடக்க எதுவும் இல்லை, கேட்கத்தான் வேண்டும். அதனால் எட்டுப் பக்கச் செங்கல் சுவர், உள்ளே எட்டு பெரிய கொரிந்தியன் தூண்கள், மேல்தளத்திலும் இருக்கைகள், அதற்கு மேலே குவிமாடம். பிரசங்கியிடமிருந்து ரொம்பத் தள்ளி யாருமே இல்லை.

1757 டிசம்பரில் ஜான் வெஸ்லி வந்து பார்த்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். வயல்வெளியில் நின்று பேசிப் பழகியவர். ஐரோப்பாவிலேயே இவ்வளவு நேர்த்தியான கூடம் இருக்குமா என்று தன் நாட்குறிப்பில் வியக்கிறார். உடனே குத்தலும் வருகிறது. பிரபு வீட்டு வரவேற்பறை மாதிரி சுத்தம், பெஞ்சுக் கதவின் தாழ்ப்பாள்கூடப் பளபளக்கும் பித்தளை. பழைய முரட்டு நற்செய்திக்கு இங்கே என்ன வேலை என்கிறார்.

குத்தலில் பாதி நியாயம் இருக்கு. அதே ஊரில், அதே ஆண்டுகளில், பணக்காரர்கள் நடனமாடவும் சீட்டாடவும் அசெம்பிளி ஹவுஸைக் கட்டிக்கொண்டிருந்தவரும் இதே ஐவரிதான். தாழ்ப்பாளைக் கவனித்தது வெஸ்லியின் கூர்மை. ஆனால் அவர் பித்தளையைப் பார்த்தார். நான் கதவைப் பார்க்கிறேன். பெஞ்சுக்குக் கதவு இருந்தால் அது யாரோ ஒருவருடைய பெஞ்சு. குரல் எல்லோருக்கும் சமமாகப் போகும் கூடத்தில், இடம் மட்டும் சமமாக இல்லை. இதை வெஸ்லி சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கிண்டல் செய்துவிட்டு அந்த வடிவத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். இடம் அனுமதித்தால் பிரசங்கக் கூடங்களை எண்கோணமாகவே கட்டுங்கள், குரலுக்கு அதுதான் நல்லது என்று தன் ஆட்களுக்கு விதியே போட்டார். யார்க்‌ஷயர் மலைக் கிராமமான ஹெப்டன்ஸ்டாலில் 1764இல் கட்டியது இன்றும் நிற்கிறது. பிற்பாடு கூட்டம் கூடியதும் அதை நீட்டவேண்டி வந்தது. எண்கோணத்தோடு அந்த வம்பு எப்போதும் உண்டு; செவ்வகம் மாதிரி சொன்னபடி வளராது.

நார்விச்சில் வெஸ்லிக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. குவிமாடத்தில் எட்டு ஜன்னல்கள். வெறும் அலங்காரம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்.

ஐம்பது வருஷம் கழித்து அதே சேப்பலில் ஒரு ஜவுளி உற்பத்தியாளரின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஹாரியட் மார்ட்டினோ, பிறந்தது 1802. பின்னாளில் பொருளாதாரமும் சமூகமும் எழுதிப் புகழ்பெற்றவர். தன்வரலாற்றில் அந்தக் கூரை ஜன்னல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை அண்ணாந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருக்குமாம். தேவதூதர்கள் அது வழியாக இறங்கிவந்து தன்னைச் சொர்க்கத்துக்குத் தூக்கிப்போவார்கள் என்று. அதுவும் சபை மொத்தமும் பார்க்கப் பார்க்க! அந்தக் கடைசி ஆசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பதின்வயதில் ஹாரியட்டுக்குக் காது மங்கத் தொடங்கியது. இருபது வயதுக்குள் நன்றாகவே செவிடு. கேட்பதற்கென்றே எட்டுப் பக்கமும் அளந்து கட்டிய கூடத்தில் வளர்ந்தவர், பிற்பாடு காதுக்குழலோடு உலகம் சுற்றினார். விசுவாசத்தையும் விட்டுவிட்டார். ஆனால் ஐம்பது வயது தாண்டி, சாகப்போகிறோம் என்று நினைத்து அந்தத் தன்வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, அந்த ஜன்னல்கள் நினைவில் அப்படியே இருந்தன.