வலி எடுத்தபோது எங்கே போனார்கள்?

குளிர்கால இரவு. குடிசை வாசலில் அணைந்துபோன கணப்பு. வேறொருவர் வயலில் தோண்டி வந்த உருளைக்கிழங்கைச் சாம்பலிலிருந்து எடுத்துத் தின்கிறார்கள் கீசுவும் மகன் மாதவும். உள்ளே மாதவின் மனைவி புதியா பேறுவலியில் துடிக்கிறாள். போய்ப் பாரடா என்கிறான் அப்பன். போனால் கிழங்கில் பெரும்பங்கை அப்பன் தின்றுவிடுவான் என்று மகன் அசையவில்லை. ஆறப் பொறுக்காமல் விழுங்குகிறார்கள். நாக்கு வெந்து கண்ணில் நீர் வழிகிறது. பெண்டாட்டி சாகக் கிடக்கும் இரவில் மாதவ் கண்ணில் வந்த நீர் அது. பிரேம்சந்தின் 'கபன்' இந்த இடத்தில் தொட்ட உயரத்தை இந்தியச் சிறுகதை அதிகம் தொட்டதில்லை.

காலையில் அவள் பிணம். கோடித்துணிக்கென்று ஊரில் தண்டிய ஐந்து ரூபாயை இருவரும் சாராயக் கடையில் குடித்தும் தின்றும் தீர்க்கிறார்கள்.

சமார் சாதியை இழிவுபடுத்தும் கதை இது என்று இந்தி தலித் எழுத்தாளர்கள் பலர் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் ஒரு பாதியை நான் ஏற்கவில்லை. மாடாய் உழைப்பவனும் அரைவயிறாகவே கிடக்கும் ஊரில், உழைக்க மறுப்பவன் கணக்குத் தெரிந்தவன். கீசுவை பிரேம்சந்த் அப்படித்தான் பார்க்கிறார். ஆனால் அதைக் கதைசொல்லி வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கிறது. சுரண்டல் நம் கண்முன் நடப்பதில்லை. ஜமீன்தார் வருவதே எரிச்சலோடு இரண்டு ரூபாயை விட்டெறியத்தான்.

பிரேம்சந்தே 1931இல் எழுதிய 'சத்கதி'யைப் பக்கத்தில் வையுங்கள். மகள் நிச்சயத்துக்கு நாள் கேட்கப் போன துக்கியை, பண்டிதர் வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் விறகு பிளக்க விடுகிறார். புகைபிடிக்க நெருப்புக் கேட்டால் பண்டிதர் மனைவி இடுக்கியால் நெருப்புக் கங்கை வீசுகிறாள். ஒரு பொறி அவன் தலையில் விழுகிறது. பிளக்க மறுக்கும் அந்தக் கணுக்கட்டையும் கோடரியும் போதும், விளக்கவுரை தேவையில்லை. பசியோடு வெட்டியே சாகிறான். 1981இல் சத்யஜித் ராய் அதைப் படமாக்கியபோதும் அந்தக் கட்டைதான் மனதில் நின்றது.

'கபன்' உண்மையில் சறுக்குவது வேறோர் இடத்தில். வட இந்தியக் கிராமங்களில் வழிவழியாகப் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் சமார் பெண்கள். மேல்சாதி வீட்டுக் குழந்தைக்கும் தொப்புள்கொடி அறுத்தவர்கள் அவர்கள். கதையின் சேரியில் ஒருத்திக்கு வலி கண்டு இரவு முழுக்க அலறுகிறாள், ஒரு பெண்கூட எட்டிப் பார்க்கவில்லையாம். விடிந்து செத்த பிறகு மட்டும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கண்ணீர் விடுகிறார்கள். இது தற்செயலான மறதி அல்ல. ஒரு மருத்துவச்சி உள்ளே நுழைந்திருந்தால் அந்தக் கணப்பருகே இரண்டு ஆண்களின் காட்சி உடைந்திருக்கும். காட்சிக்காகச் சேரியின் பெண்களைக் கதை வெளியே நிறுத்திவிட்டது. தலித் வாசகரின் கோபத்துக்கு இங்கே முழு நியாயம் உண்டு.

ஆகவே என் கணிப்பில் 'கபன்' பசியை எழுதியதில் 'சத்கதி'யை மிஞ்சிய கதை. சமார் மக்களின் வாழ்வை எழுதியதில் அதற்குக் கீழே நிற்பது. மாவரைத்தும் புல் செதுக்கியும் ஓராண்டு அந்த இருவர் வயிற்றை நிரப்பியவள் புதியா. கதையில் அவளுக்கு அலறல் உண்டு, ஒரு பேச்சுக்கூட இல்லை.