உரிமை விடல்

'தற்காலிக உரிமை விடல்': பதவி உயர்வு வேண்டாமென்று அரசுப் பள்ளி ஆசிரியர் எழுதித் தரும் கடிதத்துக்கு அலுவலகம் வைத்த பெயர். திண்டிவனத்தில் குடும்பம், விழுப்புரம் தாண்டித் தலைமையாசிரியர் பணியிடம் என்றால், அதை எழுதும் பெண்களை நாம் அறிவோம்.

வெளியுறவுப் பணியில், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் திருமணமான பெண்ணை விலகச் சொல்ல விதியே இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். குடும்பம் ஆணுக்கும் உண்டே என்று 1979இல் சுட்டிக்காட்டினார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்.

விதி போயிற்று. இன்று அதன் வேலையைப் பெண்ணின் கையெழுத்தே செய்கிறது. மாமியாரின் மருந்து, மகளின் பத்தாம் வகுப்பு, கணவரின் முகச்சுளிப்பு எதற்கும் அக்கடிதத்தில் இடமில்லை. 'விடல்' தன்வினை, நடந்ததோ பிறவினை. விடவைத்தவர் யாரென்று கேட்காதவரை, 'அவரே வேண்டாமென்றார்' என்றுதான் கோப்பு சொல்லும். நான் அதை நம்பவில்லை.