துணிச்சலை விடுங்கள், சுற்றுகளை எண்ணுங்கள்

1992 மே 24. ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் களத்தில் டிடிஎம் என்ற டூரிங் கார் தொடரின் ஓட்டம் ஒன்றில் எலன் லோர் முதலாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் கேகே ரோஸ்பேர்க், 1982இன் பொர்முலா வன் உலகச் சம்பியன். இருவரும் ஓட்டியது மேர்சிடிஸ் 190 தான். ஆகவே 'காரின் புண்ணியத்தில் வென்றார்' என்று சொல்ல வழியில்லை. பெண்ணால் முடியுமா என்ற வழக்கு அன்றோடு தீர்ந்தது.

ஆனால் 30 ஆண்டுகள் கடந்தும் டிடிஎம்மில் இன்னொரு பெண் வெல்லவில்லை. அது ஏன் என்பதுதான் அலசவேண்டிய கேள்வி. நாங்களோ பெண் ஓட்டுநர் என்றதும் 'துணிச்சல்', 'சாதனைச் சிங்கப்பெண்' என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். ஆண் ஓட்டுநர் என்றால் எந்த வளைவில் நேரத்தை இழந்தார், எந்தச் சுற்றில் ரயர் தேய்ந்தது என்று பார்ப்போம். அதே பார்வைதான் இங்கும் வேண்டும்.

டூரிங் கார் என்பது வீதியில் ஓடும் காரின் உருவத்தை வைத்துக்கொண்டு பந்தயத்துக்காக மாற்றியமைத்த வண்டி. பொர்முலா கார்களைப் போலச் சக்கரங்கள் வெளியே நிற்பதில்லை. அதனால் கதவோடு கதவு உரசலாம், பின்னால் வருபவர் பம்பரால் ஒரு தட்டுத் தட்டலாம். பல தொடர்களில் வென்றவரின் காருக்கு அடுத்த ஓட்டத்தில் எடை ஏற்றுவார்கள். ஒரே மாதிரிக் கார்களை எல்லோருக்கும் கொடுத்து ஓடவிடும் கிண்ணப் போட்டிகளும் உண்டு. அங்கே வித்தியாசம் ஓட்டுநரிடம்தான்.

அந்த வித்தியாசம் பெரும்பாலும் பிரேக்கில் இருக்கிறது. முன்சக்கரத்தால் இழுபடும் காரில், திருப்புவதும் இழுப்பதும் நிறுத்துவதில் பெரும்பங்கும் அந்த இரண்டு ரயர்களின் தலையில்தான் விழுகின்றன. பிரேக்கை ஒரேயடியாக விட்டுவிட்டுத் திருப்பினால் முன்பக்கம் பிடி தளர்ந்து கார் வெளியே ஓடும். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தபடியே திருப்பினால் முன்பக்கத்தில் பாரம் நின்று மூக்கு உள்ளே வரும். எடுக்கும் வேகம் பிசகினால் பின்பக்கம் சுழன்றுவிடும். இதற்குத் தோள்பலம் பெரிதாய்த் தேவையில்லை. காலுக்குப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்குச் சுற்றுகள் வேண்டும்.

சபினே ஷ்மிட்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 2021இல் காலமான இந்த ஜேர்மன்காரியின் பெற்றோர் நூர்பேர்க் கிராமத்தில், பந்தயக் களத்தின் அருகிலேயே விடுதி நடத்தியவர்கள். 20 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்தப் பழைய களத்தில் அவர் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு பந்தய டாக்சி ஓட்டினார். அங்கே அவர் ஓடிய சுற்றுகள் பல்லாயிரம். 1996, 1997 இரண்டு ஆண்டுகளிலும் பிஎம்டபிள்யூ எம்3 காரில் நூர்பேர்க்ரிங் 24 மணிநேர ஓட்டத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். அதை வென்ற முதற்பெண்ணும் அவரே.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்தின் சூசி வூல்ஃப் 2006 முதல் 2012 வரை ஏழு பருவங்கள் டிடிஎம்மில் மேர்சிடிஸ் ஓட்டினார். அதிகபட்சம் ஏழாமிடம்தான். பெரும்பாலான பருவங்களில் அவருக்குக் கிடைத்தவை முந்திய ஆண்டுகளின் கார்கள். அனுதாபத்தோடு இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அதே தொடரின் இன்னொரு ஓட்டுநரான போல் டி ரெஸ்டாவும் 2007இல் இரண்டு வருடப் பழைய மேர்சிடிஸில்தான் தொடங்கினார். அந்தப் பருவத்தை ஐந்தாமிடத்தில் முடித்தார். அடுத்த வருடம் அவருக்குப் புதிய கார் கிடைத்தது, 2010இல் சம்பியனானார். சூசியின் கணக்கில் பழைய கார் ஒரு காரணம்தான், முழுக் காரணம் ஆகாது.

இதனால் பெண்களால் முடியாது என்றாகிவிடாது. அந்தக் களத்தில் நின்ற ஆண்களிலும் ஒரு ஓட்டம்கூட வெல்லாமல் போனவர்கள் பலர். இருபது ஆண்களை இறக்கினால் அவர்களுக்குள் ஒரு டி ரெஸ்டா கிளம்புவார். ஒன்றிரண்டு பெண்களை மட்டும் இறக்கிவிட்டு, அவர்களில் ஒருவர் கட்டாயம் சம்பியனாகவேண்டும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்கே ஒத்துவராது.

எங்கள் மொழிப் பரப்பில் பெண் ஓட்டுநர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் சென்னையின் அலிஷா அப்துல்லா. 1989இல் பிறந்தவர். தந்தை ஆர். ஏ. அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தேசியச் சம்பியன். மகள் ஒன்பது வயதிலேயே கோ-கார்ட் ஓட்டத் தொடங்கினார். பிறகு ஆண்களோடு சூப்பர்பைக் பந்தயங்களில் இறங்கினார், அடிபட்டார், கார்களுக்கு மாறினார். வொக்ஸ்வாகன் போலோ கிண்ணம் போன்ற, எல்லோருக்கும் ஒரே காரைக் கொடுக்கும் தொடரில் ஓடினார். 2014இல் 'இரும்புக் குதிரை' படத்தில் நடித்தார், பெண்களுக்கென்று பந்தயப் பயிற்சிக் கழகம் தொடங்கினார், பின்னர் அரசியலுக்கும் போனார்.

அவருடைய பயணத்தில் நான் பெரிதாகக் காண்பது பட்டங்களை அல்ல, தொடங்கிய வயதை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கார்ட் வாங்கிக் கொடுக்கவும், பழுதானால் பிரித்துப் பூட்டவும், களத்துக்குக் கூட்டிப்போகவும் விஷயம் தெரிந்த தகப்பன் வீட்டிலேயே இருந்தார். சென்னைக்குக் கிட்ட இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீற்றர் களமும் இருந்தது. அதற்கு முன்னர் பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுபாதையில். தகப்பனும் களமும் ஒரே ஊரில் வாய்த்தது அவருடைய அதிர்ஷ்டம். கழகம் தொடங்கியது அந்த அதிர்ஷ்டம் இல்லாத பிள்ளைகளுக்கு வழி திறக்கும் முயற்சி. அவருடைய வேலைகளில் அதற்கே நான் கூடிய புள்ளி கொடுப்பேன்.

இனி எங்கள் பக்கம். கிளிநொச்சியில் பெண் வாகனம் ஓட்டுவது புதினமில்லை. காலையில் ஏ9 வீதியோரம் நின்றால் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியைகள் வரிசையாகக் கடப்பார்கள். கை பழகியிருக்கிறது. பந்தயத்துக்கான கதவுதான் தொலைவில் இருக்கிறது. இலங்கையில் கார்கள் ஓடும் கட்டுக்குருந்த களம் இருப்பது களுத்துறையில். அதுவும் போர்க்கால விமானத்தளமே. அங்கே நிசான் மார்ச், போர்ட் லேசர் போன்ற எங்கள் ஒழுங்கைகளிலும் ஓடுகிற கார்களுக்கே தனிப்பிரிவுகள் உண்டு. கார் எட்டாக்கனியில்லை. ஆனால் பாதுகாப்புக் கூண்டு, ஆசனப்பட்டி, தீப்பிடிக்காத உடை, ரயர், காரை ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் சேரும்போது அனுசரணையாளர் இல்லாமல் முடியாது.

அதற்காகக் கிடைத்த வீதியை அடைத்துப் பந்தயம் வைப்போம் என்று கிளம்பவும் கூடாது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று களத்தை விட்டுப் பாய்ந்து ஏழுபேர் உயிரிழந்தார்கள். தடுப்பு வேலியும் வைத்திய ஏற்பாடும் சரியாக இல்லாத இடத்தில் பந்தயம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

தொடங்கவேண்டியது கார்ட்டில். அளவான தார்த்தரை, ரயர் அடுக்கிய தடுப்பு, ஏழெட்டு வண்டிகள், தெரிந்த ஒரு மெக்கானிக், சனிக்கிழமைதோறும் நேரம் எழுதிவைக்க ஒருவர் இருந்தால் போதும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் இருபதுபேர் இரண்டு வருடம் அதில் சுற்றட்டும். மூன்றாம் வருடம் யார் வேகமானவள் என்று அந்த நேரப்பதிவே காட்டும். அனுசரணை கேட்டுப் போகிறவர்கள் மேடைப் புகைப்படத்தைக் கொண்டுபோகவேண்டாம், அந்தப் பதிவைக் கொண்டுபோகட்டும்.