மெயினுக்கு முன்னே

சி மொழியில் புரோகிராம் எழுதுவோர் ‘மெயின்’ என்னும் ஃபங்ஷனே ஆரம்பமென்று நம்பியிருக்க, அதற்கு முன்பே அரவமின்றி விழித்து, ஸ்டாக்கின் உச்சியில் கெர்னல் வைத்துச்சென்ற தகவல்களைச் சேகரித்து, நூலகத்தை ஆயத்தம் செய்து, பிறகே மெயினை அழைக்கும் புரோகிராம் துண்டு ஒன்று உண்டென்பதை, ‘நோஸ்டார்ட்ஃபைல்ஸ்’ என்று கம்பைலருக்கு இட்ட கட்டளையால் அதை விலக்கிய அன்றுதான் நான் பிரத்தியட்சமாக உணர்ந்தேன். அந்தத் துண்டு தொடங்கும் ‘ஸ்டார்ட்’ என்ற வாயிலை இனி நாமே அமைக்க வேண்டும். அதை யாரும் அழைப்பதில்லையாதலால், திரும்பிச்செல்ல முகவரியும் கிடையாது. இன்டெல் வகை 64 பிட் லினக்ஸில், வெளியேறும் கோரிக்கைக்குரிய 60 என்ற எண்ணை ரெஜிஸ்டரில் இட்டு, கெர்னலிடம் முறைப்படி விடைபெற வேண்டும். மறந்தால் புரோகிராம் நின்ற இடத்திலேயே முறிந்துவிடும். வாயிலை இப்படி நாமே அமைக்கையில், ஸ்டாக் 16 பைட் வரம்பில் சரியாக நிற்கிறதா என்று கவனிக்கும் அந்தச் சிரத்தையில், என்னைப் பொறுத்தவரை, அபூர்வமான சௌந்தரியம் இருக்கிறது.