பையோடு போகும் புரதம்

மேட்டுப்பாளையத்தில் வீட்டிலிருந்தபடியே வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ரத்த டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் கோவைக்கு பஸ் ஏறும் அலைச்சல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் டயாலிசிஸ் பைகளும் வீடு தேடி வருகின்றன. ஆனால் வயிற்றில் தங்கி வெளியே வடியும் டயாலிசிஸ் நீரோடு, அதாவது வடிநீரோடு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 15 கிராம் புரதமும் வெளியேறுகிறது. ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான்.

இதை அளக்கத்தான் வேண்டும். ரத்த அல்புமின் மட்டும் பார்த்தால் போதாது. உடலில் அழற்சி இருந்தாலும், நீர் கோத்தாலும் அது இறங்கும். சாப்பாடு பற்றவில்லையா, பையில் போகிறதா என்று பிரித்துச் சொல்லாது.

அளக்கும் விதத்தில்தான் கோளாறு. இரவு முழுக்க வயிற்றில் தங்கிய நீரில் புரதம் கூடுதலாக இருக்கும். காலையில் வடித்த அந்த ஒரு பையில் மாதிரி எடுத்து, நாளுக்கு நான்கு பை என்று நான்கால் பெருக்கினால் கணக்கு ஏறிவிடும். அதைவிட மோசமானது, ரத்தத்துக்கான முறையிலேயே வடிநீரையும் சோதிப்பது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் புரதம், வடிநீரிலோ 0.1 கிராமை ஒட்டித்தான். ‘0.1’ என்று ஒரே தசமத்தில் ரிப்போர்ட் வந்தால், உண்மை 0.05 ஆகவும் இருக்கலாம், 0.14 ஆகவும் இருக்கலாம். நாளொன்றில் வடியும் எட்டு லிட்டருக்கு அது 4 கிராமா, 11 கிராமா? இரண்டுக்கும் உணவுத் திட்டம் வேறு. சிறுநீர்ப் புரதத்தை அளக்கும் நுண்ணிய முறையே இதற்குப் பொருந்தும்.

24 மணி நேர வடிநீர் முழுவதையும் சுமந்துகொண்டு மலையடிவாரத்திலிருந்து கோவைக்கு யார் போவார்? போகவும் வேண்டாம். ஒவ்வொரு பையையும் எடை போட்டுக் குறித்து, நன்றாகக் குலுக்கி, லிட்டருக்கு 10 மில்லி வீதம் ஒரே புட்டியில் சேர்த்தால் போதும். சிறுநீர் வருபவர்கள் அதையும் தனியே சேகரிக்க வேண்டும். வயிற்றுச்சவ்வில் தொற்று வந்தால் புரத இழப்பு பல மடங்காகும். அது ஆறி ஒரு மாதமாவது போன பிறகே வழக்கமான அளவை எடுக்கலாம்.

இழப்பு அதிகம் என்ற ஒன்றுக்காகவே சிகிச்சையை மாற்றிவிட முடியாது. இந்த எண்ணின் பயன் சாப்பாட்டுத் தட்டில்தான். டயாலிசிஸுக்கு முன் ‘பருப்பைக் குறையுங்கள், முட்டை வேண்டாம்’ என்று கேட்டுப் பழகிய வீடுகள் பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்போது தேவை கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் வரை. பைகளை வீட்டுக்கே தரும் திட்டம், மாதிரிப் புட்டியையும் உணவு ஆலோசனையையும் சேர்த்தே தரவேண்டும்.